காது குத்து என்று சொன்னேன்

ஹந்தானை மலையில் ஒரு கோப்பித் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். கண்டியிலிருந்து, பெரியம்மை வராமலிருக்க அம்மை குத்துகிறவர் வருகிறார் என்று தெரிந்தாலே தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோப்பிச் செடிகளுக்குள் ஒளிந்துகொள்வார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளை முதலில் உட்கார்ந்தால் மற்றவர்கள் தானாக வருவார்கள் என்று துரையிடம் பெரிதாக அளந்துவிட்டேன். எங்கள் வீட்டுப் பிள்ளை என்றால் என் தங்கை மகள். ஐந்து வயது இருக்கும்.

ஊரிலிருந்து நடந்தே வந்த அலைச்சலில் அவளுக்குக் காது குத்துவது தள்ளிப்போயிருந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்? நான் அதையே பிடித்துக்கொண்டேன். இன்றைக்குக் காது குத்து, கம்மல் போடப் போகிறோம் என்றேன். தங்கை முகத்தைச் சுளித்தாள். நான் கண்டுகொள்ளவில்லை. பிள்ளை தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு, கோப்பி காயப்போடும் களத்தின் நடுவே, எல்லோரும் பார்க்க என் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

வந்தவர் அவள் கையைப் பிடித்துக் கீறினார். அவள் அழவில்லை. அப்போதும் காதை அவர் பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு காது மடலைத் தடவிப் பார்த்துவிட்டு, “கம்மல் எங்க மாமா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அந்தக் காலத்தில் ஒரு பிள்ளையின் கையில் எழும்பிய கொப்புளத்து நீரை எடுத்துத்தான் அடுத்த பிள்ளைக்குக் குத்துவார்கள். அதற்காக அவர் மறுவாரம் திரும்பி வந்தார். நான் மடியைத் தட்டிக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. நேரே அவரிடம் போய் வலிக்குமா என்று கேட்டாள். கொஞ்சம் வலிக்கும் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினாள்.

அடுத்தது பக்கத்து லயத்து வீட்டுச் சின்னப் பையன். தாயின் இடுப்பில் இருந்தபடி துள்ளிக் கத்தினான். வலிக்கவே வலிக்காது ராசா என்று நான் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தேன். அவள் நடுவில் வந்து அவனுடைய மறு கையைப் பிடித்தாள்.

“மாமா சொல்றது பொய்டா. வலிக்கும். என் கைய இறுக்கிப் புடிச்சுக்க, கொஞ்ச நேரத்துல சரியாப் போயிரும்.”

அவன் பிடித்துக்கொண்டான். அழுதான், ஆனால் கையை இழுக்கவில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை, முறைக்கக்கூட இல்லை. அடுப்பு சுடும் என்று தம்பிக்குச் சொல்வதுபோல, என்னை நம்பாதே என்று அவனுக்குச் சொன்னாள். அத்தனை பேர் முன்னால் வெட்கத்தில் செத்துப்போனேன்.