மீட்டர் ரூம் பக்கத்துப் பாத்தி

தளேகாவில் ஃபாக்டரி ஷெட்டுகளுக்கு அஸ்திவாரம் போட்டிருக்கிறேன். தேஹு ரோட்டில் குடியிருப்புகளுக்கு மதில் எழுப்பியிருக்கிறேன். நிக்டியில் பாதிப் பேர் குளிக்கும் தண்ணீர், நான் சென்டரிங் அடித்து நிறுத்திய தொட்டிகளிலிருந்துதான் வருகிறது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாமல், இந்தியில் ஒரு சொல் தெரியாமல், ஈரோட்டில் ரயிலேறி இந்த மராத்தி ஊருக்கு வந்தவன் நான். பாறையைப் பார்த்து இன்ஜினீயர் கையை விரித்த இடத்திலும் தூண் நிறுத்திக் காட்டினேன். அதற்கெல்லாம் யாரும் மாலை போடவில்லை, நானும் கேட்கவில்லை. கூலி வாங்கினேன், தீர்ந்தது. ஆனால் எங்கள் கட்டடத்தின் பின்பக்கம் இருக்கும் செடிப் பாத்தி அப்படிப்பட்ட விஷயம் இல்லை.

செடிகள் என் மருமகளுடையவை. கம்ப்யூட்டர் வேலை அவளுக்கு. வீட்டிலிருந்தபடியே பாதி நாள் ஓடும். வெயில் பட்டால் கருகிவிடுகிற ஜாதியாகப் பார்த்துச் சேர்த்து, மாடிப்படித் திருப்பங்களில் தொட்டி தொட்டியாக வளர்த்திருந்தாள். பெரணி, பீஸ் லில்லி, பூரான் கால்போல் தண்டு ஓடும் பிகோனியா. எல்லாம் வருஷக்கணக்கில் நிற்கிறவை. படிக்கட்டுக்கு வெள்ளையடிக்கப் போவதாகச் சொன்ன எங்கள் குடியிருப்புச் சொசைட்டி செக்ரட்டரி, ஒரு தொட்டிகூட அங்கே இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வடக்குப் பக்கம், கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவே, வெயிலே எட்டிப் பார்க்காத ஒரு துண்டு நிலம் இருந்தது. அதைக் கொடுங்கள் என்று கூட்டத்தில் எழுந்து கேட்டாள் மருமகள். கமிட்டி அதில் பேவர் பிளாக் பதித்து பைக் நிறுத்தலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் இந்த மழைக்காலம் மட்டும் பார்ப்போம் என்றார்கள். நிபந்தனை ஒன்றுதான்: பாத்தியின் கோடியில் இருக்கும் கரண்ட் மீட்டர் ரூமுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் செடி போகும், பேவர் வரும். "பொறுப்பு என்னுது" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்தாள். கமிட்டியும் தன் பங்குக்குப் பாத்தியைச் சுற்றிச் செங்கலில் கரை கட்டிச் சிமென்ட் பூசிக் கொடுத்தது. அழகாகத்தான் இருந்தது. தண்ணீர் வெளியேற ஒரு ஓட்டைகூட விடவில்லை.

தேஹுவிலிருந்து பால்கி என்கிற பல்லக்கு ஊர்வலம் எங்கள் பக்கம் வரும் நாளில் அவளுக்கு லீவு. அன்றே நட்டுவிடுவது என்று முடிவு. கட்டடத்தில் எல்லாரும் நடந்து வருகிற பக்தர்களுக்கு டீயும் வாழைப்பழமும் கொடுக்க மெயின் ரோட்டுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இருவர் மட்டும். காலையிலேயே தொட்டிகளை நனைத்து வைத்திருந்தாள். கவிழ்த்துத் தட்டினால் மண் அப்படியே தொட்டியின் வடிவத்தில் வந்தது. சுற்றிலும் வேர் கயிறாகத் திரிந்து கிடந்தது. அதை விரலால் கோதிவிட்டு என்னிடம் நீட்டினாள். நான் நூல் கட்டி வரிசை பிடித்தேன்.

"மாமா, இதென்ன காம்பவுண்டுச் சுவருங்களா? கொஞ்சம் கலைஞ்சாப்ல வையுங்க."

"கோணலா வெச்சுப் பழக்கமில்ல அம்முணி."

நடுவில் என் டியூப் லெவலை எடுத்து வந்தேன். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய். இரண்டு முனையிலும் தண்ணீர் நிற்கும் உயரத்தைப் பார்த்து மட்டம் கண்டுபிடிப்போம். அவளை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னேன்.

"செடி வெக்கறதுக்கு லெவல் எதுக்குங்க மாமா?"

"பிடி, சொல்றேன்."

இரண்டு முனையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பாத்தி முழுக்க மீட்டர் ரூமைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. மொட்டைமாடிக் குழாய் கொட்டுகிற இடமும் பாத்திக்குள்தான். கரையில் ஒரு இடத்தில் உடைத்தால் தண்ணீர் வெளியே சாக்கடைக்கு ஓடிவிடும். எந்த இடம் என்று சாக்பீஸில் கோடும் போட்டேன். அவள் செக்ரட்டரிக்குப் போன் செய்தாள். புதுக் கரையில் கை வைத்தால் அன்றைக்கே பேவர் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் அவர்.

"விடுங்க மாமா. மழைக்கு இன்னும் நாளிருக்குது. கூட்டத்துல பேசிக்கலாம்."

மேலே பார்த்தேன். வானம் கூட்டம் போடும்வரை காத்திருக்கிற மாதிரித் தெரியவில்லை.

கடைசிப் பெரணியை வைத்து மண் அணைத்துக்கொண்டிருந்தபோது பிடித்தது மழை. தூறலெல்லாம் இல்லை, எடுத்த எடுப்பில் அடைமழை. மாடிக் குழாய் குதிரை மூச்சு விடுவதுபோல் இரண்டு தரம் சீறிவிட்டு, மொத்தத்தையும் பாத்தியில் கக்கியது. புதிதாக வைத்த செடிகள் கழுத்தளவு தண்ணீரில் ஆடின. தண்ணீர் நான் சொன்ன பக்கமே நகர்ந்தது. மீட்டர் ரூம் வாசல்படிக்கு ஒரு செங்கல் உயரம் பாக்கி. கொஞ்ச நேரத்தில் அரைச் செங்கல். ஓடிப்போய்க் கடப்பாரையை எடுத்து வந்தேன்.

அதற்குள் செக்ரட்டரி குடையோடு ஓடி வந்தார், நெற்றியில் சந்தனம் கரைந்து வழிய. அறை வாசலையும் என் கையிலிருந்த கடப்பாரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காகா, தோடு நகா!" உடைக்காதீர்கள் என்கிறார் மராத்தியில்.

"பின்னே கைதட்டட்டுமா?" என்றேன் இந்தியில்.

மருமகள் கரைக்கு முன்னால் வந்து நின்றாள். முகத்தில் மழை, அழுகிறாளா என்று தெரியவில்லை. "மாமா, வேண்டாங்க. உடைச்சா அவங்க முன்னால நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கறது?"

"தண்ணி உள்ள போச்சுன்னா கட்டடமே இருட்டாப் போயிரும். அப்புறம் மூஞ்சியே தெரியாது. நவுரு கண்ணு."

அவள் வாசல்படியைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு விரல் இடம்தான் இருந்தது. நகர்ந்தாள்.

சாக்பீஸ் கோடு அழிந்திருந்தது. எனக்குக் கோடு வேண்டியதில்லை. கமிட்டிச் சிமென்ட் மூன்றாவது போடிலேயே விட்டது. தண்ணீர் அந்தப் பக்கம் திரும்பியது. திரும்பிய வேகத்தில் மண்ணையும் செடியையும் சேர்த்து இழுத்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. மருமகள்தான் சேற்றில் முட்டி போட்டு, காலித் தொட்டிகளில் மண்ணை அள்ளி நிரப்பி, உடைப்புக்கு உள்ளே வரிசையாக அடைத்தாள். வேகம் குறைந்தது, தொட்டிகளின் இடுக்கில் தண்ணீர் மட்டும் வடிந்தது. செக்ரட்டரி கத்துவதை நிறுத்திவிட்டு அவளுக்குக் குடை பிடித்தார். மீட்டர் ரூம் படி நனைந்தது. உள்ளே போகவில்லை.

மறுநாள் நான் அணைத்த மண்ணையெல்லாம் அவள் கிளறி எடுத்தாள். செடியின் கழுத்து மூடினால் அழுகுமாம். தொட்டியில் எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்தில்தான் தரையிலும் இருக்க வேண்டுமாம். நான் தூண் நடுவதுபோல் இறக்கியிருந்தேன். சில பெரணிகள் போயின. லில்லிகள் ஒரு வாரம் தலை தொங்கிக் கிடந்து, பிறகு எழுந்தன. செடியைப் பிழைக்க வைத்தவள் அவள்தான். அதில் எனக்குத் தகராறு இல்லை.

தகராறு இனிமேல்தான். மழைக்காலம் முடிந்தது, பாத்தி நிலைத்தது, பேவர் பேச்சு நின்றது. நான் உடைத்த இடத்தில் இப்போது பிவிசி குழாய் வைத்துப் பூசி, வருகிறவர்களிடம் எல்லாம் "கமிட்டியின் மழைநீர் ஏற்பாடு" என்று செக்ரட்டரி காட்டுகிறார். அங்கே ஒரு பலகை வைக்கப் போகிறார்களாம். வாசகம் வாட்ஸ்அப்பில் வந்தது, மருமகள் படித்துக் காட்டினாள்: கமிட்டியின் முயற்சி, என் மருமகளின் உழைப்பு, "மற்றும் குடும்பத்தார்".

"உங்களையுஞ் சேத்துத்தானுங்க மாமா போட்டிருக்காங்க" என்றாள்.

குடும்பத்தாரில் என் மகனும் வருவான். அன்று அவன் மெயின் ரோட்டில் டீ கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு சொல்லுக்குள் என்னைச் சுருட்டி வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். மட்டம் பார்த்தவன் நான். எங்கே உடைக்க வேண்டும் என்று மழைக்கு முன்னாலேயே சொன்னவன் நான். வேண்டாம் என்று இரண்டு பேர் மறித்தபோது உடைத்தவனும் நான். பலகை இன்னும் பெயின்டரிடம்தான் இருக்கிறது. மராத்தியில் எழுதட்டும், இங்கிலீஷில் எழுதட்டும், எனக்கு ஒன்றுதான். தண்ணீருக்கு வழி செய்தவர் என்று தனி வரி வேண்டும்; அதில் என் பெயர், இனிஷியலோடு, மற்றவர்கள் பெயருக்குக் குறையாத எழுத்தில் இருக்க வேண்டும்.