கச்சிராயபாளையம் ஏரியில் இரண்டாவது சுற்று

சனிக்கிழமை, காலை 5.40. செங்கல்பட்டில் கள்ளக்குறிச்சி பேருந்தின் நடத்துனர், நான் பசுமாட்டை ஓட்டிக்கொண்டு வந்து நிற்பதைப் போல என் சைக்கிளைப் பார்த்தார். "இத எங்கம்மா வைக்கறது?" என்றார். முன்சக்கரத்தைக் கழற்றிக் காட்டியதும் சமாதானமாகி, பின்பக்க டிக்கியைத் திறந்துவிட்டார். லக்கேஜ் சீட்டு அறுபது ரூபாய்.

எதற்காகக் கிளம்பினேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது நாற்பத்து மூன்று, வங்கியில் காசாளர் வேலை. மூன்று வருடமாக டிரையத்லான் பைத்தியம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் மூச்சு விடாமல் அடுத்தடுத்துச் செய்யும் போட்டி அது. இன்னும் நான்கு மாதத்தில் நீண்ட தூரப் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருந்தேன்: 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21 கிலோமீட்டர் ஓட்டம். சைக்கிளும் ஓட்டமும் எப்படியோ வந்துவிட்டன. தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. போன ஆண்டு பயிற்சிக்காகக் கடலில் இறங்கி, இருநூறு மீட்டரிலேயே மூச்சு அடைத்து, மீன்பிடிப் படகில் அள்ளிக்கொண்டு வந்து கரையில் போட்டார்கள். அதன்பிறகு தரை தெரியும் நீச்சல் குளத்தைத் தவிர வேறெதிலும் நான் கால் வைக்கவில்லை.

கச்சிராயபாளையத்தில் நடந்தது சின்னப் போட்டி. ஏரியில் 750 மீட்டர், சைக்கிளில் 20 கிலோமீட்டர், ஓட்டம் 5 கிலோமீட்டர். அந்த எழுநூற்றைம்பதை முடிக்க முடியாவிட்டால் பெரிய போட்டியிலிருந்து விலகிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். விலகல் கடிதத்தைக் கூடக் கைப்பேசியில் எழுதி வைத்தாயிற்று, அனுப்புவதுதான் பாக்கி. கணவருக்கு மட்டும் விஷயம் தெரியும்.

எலவனாசூர்கோட்டை தாண்டியபோது மேற்கே மேகம் கட்டியிருக்கிறது என்று நினைத்தேன். அரைமணி நேரமாகியும் மேகம் நகரவில்லை. கல்வராயன் மலை! தொடங்கும் இடமும் முடியும் இடமும் தெரியாமல் வானத்தின் அடியில் நீலமாகக் கிடந்தது. பக்கத்து இருக்கைக்காரர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பிக் காட்டலாமா என்று கூடத் தோன்றியது.

மாலை 4.00. கள்ளக்குறிச்சியில் எண்ணூறு ரூபாய் அறையில் மூட்டையை இறக்கிவிட்டு, ஏரியைப் பார்த்துவர சைக்கிளில் கிளம்பினேன். பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். வழி நெடுகக் கரும்பு. கச்சிராயபாளையம் நெருங்கும்போது ஒரு வயலில் பத்துப் பன்னிரண்டு பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு சால் என்று வரிசை பிரித்து வேலை. தன் சாலை வெட்டி முடித்த ஒரு பெண், கத்தியோடு நேராகத் தண்ணீர்க் குடத்துக்குத்தான் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பின்தங்கியிருந்த ஒருவரின் சாலுக்கு எதிர்முனையில் போய்க் குனிந்து, அவரை நோக்கி வெட்டிக்கொண்டே வந்தாள். நடுவில் இருவரும் சந்தித்தார்கள். அதன் பிறகுதான் எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள்.

அந்தப் பெண் வரப்பேறி வந்து என் சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, பஞ்சு மாரி கீது! நாளைக்கு ஏரியில ரேஸாமே, அதுக்கா வந்துகீறீங்க?"

"ஆமாங்க. நீங்க?"

"நானுந்தான் பேர் குட்த்துகீறேன். நாளிக்கு வெட்டு கெடையாது. மாஸ்டர் சொன்னாரு, உள்ளூர் ஆளுக்குக் காசு வாணாம், வந்து நீஞ்சுன்னு."

அவள் பெயர் ராணி. மாஸ்டர் என்றது உள்ளூர்ப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரை. போட்டியே அவருடைய ஏற்பாடுதான். "எங்கே நீந்தப் பழகினீங்க?" என்று கேட்டேன். "கெணத்துல. வேற எங்க?" என்று சிரித்துவிட்டு வயலுக்குள் இறங்கிவிட்டாள்.

ஞாயிறு, காலை 6.10. ஏரிக்கரையில் முப்பத்தோரு பேர். அதில் பெண்கள் மூன்றே பேர்: சேலத்திலிருந்து வந்த கல்லூரி மாணவி ஒருத்தி, ராணி, நான். ராணி சுடிதாரை இறுக்கிக் கட்டியிருந்தாள். அவளுடைய சைக்கிள், மகளுக்குப் பள்ளியில் இலவசமாகக் கொடுத்தது. முன்கூடையை அவள் கழற்றவில்லை. காலில் மகளின் கறுப்புப் பள்ளிக்கூட ஷூ. என் நீச்சல் கண்ணாடியையும் கைக்கடிகாரத்தையும் உடம்போடு ஒட்டிய நீச்சல் உடையையும் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருந்தது.

ஏரியில் எல்லை காட்ட மூன்று பிளாஸ்டிக் குடங்களைக் கட்டி மிதக்கவிட்டிருந்தார்கள். பச்சை, சிவப்பு, மஞ்சள். அவற்றை இரண்டு முறை சுற்றி வர வேண்டும். காவலுக்கு மீன் பிடிக்கிற அண்ணன் ஒருவர் தெர்மாகோல் தெப்பத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மார்கழி மழையில் ஏரி நிரம்பியிருந்தது. தண்ணீர் தேநீர் நிறம். கையை நீட்டினால் விரல் தெரியவில்லை.

6.30. விசில். முதல் சுற்றை எப்படியோ ஓட்டினேன், எண்ணிக்கொண்டே, பயத்தை ஏமாற்றிக்கொண்டே. இரண்டாவது சுற்றில் பச்சைக் குடத்தைத் தாண்டியதும் காலில் பாசி சுற்றியது. அவ்வளவுதான். கடல் ஞாபகம் வந்துவிட்டது. நெஞ்சு இறுகி, வாயில் தண்ணீர் புகுந்தது. முடியவில்லை என்பதற்கு அடையாளம் கையைத் தூக்குவது. தூக்கிவிட்டேன். கடிதத்தை அனுப்பிவிடலாம் என்ற நினைப்பு அந்த நேரத்தில் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

தெப்பக்கார அண்ணன் துடுப்புப் போட ஆரம்பித்தார். அதற்குள் கரையிலிருந்து ஒருத்தி தொப்பென்று தண்ணீரில் குதித்தாள். ராணி! இரண்டு சுற்றையும் முடித்துப் பெண்களில் முதலாவதாகக் கரையேறி, சைக்கிளுக்கு ஓட வேண்டியவள். "ராணி, சைக்கிள எடு! சைக்கிள எடு!" என்று மாஸ்டர் தொண்டை கிழியக் கத்தியது எனக்கே கேட்டது.

அவள் என்னைத் தொடவில்லை. இரண்டு முழம் தள்ளி மிதந்தபடி, "இருண்ணே, ஏத்தாதீங்க," என்று தெப்பத்தை நிறுத்தினாள். பிறகு என்னிடம், "அக்கா, அடியில இன்னா பாக்குற? அங்க ஒண்ணும் இல்ல. மலைய பாரு. தலைய தூக்கிக்கினே நீஞ்சு."

தலையைத் தூக்கினேன். எனக்குப் பின்னாலிருந்து வந்த முதல் வெயில் நேராக மலைமேல் விழுந்திருந்தது. நேற்று நீலச் சுவராகத் தெரிந்தது இப்போது பிரிந்து, மடிப்பு மடிப்பாக, மரம் மரமாக, ஏரி முழுவதும் தலைகீழாக இறங்கி என் கைக்கு எட்டும் தூரம் வரை வந்திருந்தது. நான் மலைக்குள்தான் நீந்திக்கொண்டிருந்தேன். இத்தனை பெரியதன் முன்னால் என் பயத்துக்கு இடமே இல்லை. அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன். ஏரியில் நனைந்த முகத்தில் யாருக்குத் தெரியப்போகிறது?

மஞ்சள் குடத்தில் திரும்பியதும் மலை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அதற்கும் வழி வைத்திருந்தாள் ராணி. எனக்கு முன்னே மல்லாந்து, என் முகத்தைப் பார்த்தபடி, கரும்பு ஆலை லாரியைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே நீந்தினாள். கரை தட்டியது. கடைசி இரண்டு பேர் நாங்கள்தான்.

"ஏம்மா திரும்பப் போனே? இது ரேஸு!" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"கடைசி ஆளு ஏறாம எப்டிங்க மாஸ்டர் சைக்கிள எடுக்கறது?" என்று கேட்டாள் ராணி. கிண்டல் இல்லை. உண்மையிலேயே அவளுக்கு விளங்கவில்லை.

7.05. சைக்கிளில் நான் அவளை முந்திப் போனேன். மனசு உறுத்தியது, ஆனாலும் போனேன். ஆறு கிலோமீட்டர் கரும்பும் மரவள்ளியும் சமதரையில். பிறகு நான்கு கிலோமீட்டர் மலைப்பாதை. ஒவ்வொரு வளைவிலும் காற்று ஒரு படி குளிர்ந்தது. திரும்பும் இடத்தில் தண்ணீர் கொடுத்தவரிடம், "கீழே தெரிவது எந்த ஏரி?" என்றேன். "நீங்க நீஞ்சினதுதாங்க," என்றார். என்னை விழுங்கப் பார்த்த தண்ணீர், அங்கிருந்து பார்த்தால் யாரோ கழுவிக் காயவைத்த தட்டு.

இறங்கும்போது ராணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்தாள். "ஏர்றப்ப இத நான் தள்றேன். எறங்கறப்ப அது என்னைத் தள்ளும். நீங்க போங்கக்கா!" என்றாள்.

வாய்க்கால் கரையில் ஐந்து கிலோமீட்டர் ஓடி முடித்தபோது கடிகாரம் இரண்டு மணி பதினாறு நிமிடம் காட்டியது. கழுத்தில் பதக்கம் போட்டார்கள், கையில் வாழைப்பழம் கொடுத்தார்கள். கடிதம் ஞாபகம் வந்தது, அனுப்பத் தேவையில்லை என்பதும் ஞாபகம் வந்தது. பெரிய போட்டிக்கான பயிற்சி அட்டவணைப்படி இதை முடித்த கையோடு நான் இன்னும் ஆறு கிலோமீட்டர் ஓட வேண்டும். அதற்கு முழுக்குப் போடுவதாக இருந்தேன். மாஸ்டர் மேசையை மடிக்கத் தொடங்கியிருந்தார். "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று கேட்டேன். "ராணி மட்டும் இன்னும் ஓடிக்கினு கீறா," என்றார்.

வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி ஓடினேன். "மேடம், உங்களுது முடிஞ்சிட்ச்சு!" என்று பின்னால் கத்தினார் மாஸ்டர். பாவம், அன்று அவருக்கு ராசியில்லாத நாள்.

ஒன்றரை கிலோமீட்டரில் அவள் எதிரே வந்தாள். ஒரு ஷூவைக் கையில் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு.

"இன்னாக்கா, உங்க சாலு முடிஞ்சிட்ச்சா?"

"முடிஞ்சுது," என்றேன். இருவரும் சேர்ந்து ஓடி வந்தோம்.

பெண்களில் மாணவிக்கு முதல் பரிசு, எனக்கு இரண்டு, ராணிக்கு மூன்று. இருந்ததே மூன்று பேர். மூவருக்கும் எவர்சில்வர் குடம்.

பகல் 12.20. பேருந்து நிறுத்தம் வரை ராணி கூட வந்தாள். "அந்தப் பெரிய ரேஸுல எத்தினி சுத்து நீஞ்சணும்?" என்றாள். இதுபோல ஐந்து என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "அங்க நான் இருக்க மாட்டேனேக்கா. கைய மட்டும் தூக்கிடாதீங்க, இன்னா?"

பேருந்து கிளம்பியதும் கடிதத்தை அழித்தேன். எலவனாசூர்கோட்டை வரை மலை கூடவே வந்தது. இந்த முறை அதை மேகம் என்று நினைக்கவில்லை.

வீட்டில் குடத்தைப் பார்த்த கணவர், "அப்போ ஏரியை முழுசா நீந்திட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் ஆளுக்கொரு பாதையாகக் கயிறு கட்டிப் பிரித்திருப்பார்கள். பக்கத்துப் பாதையில் யார் என்று மூன்று வருடத்தில் ஒருநாளும் நான் திரும்பிப் பார்த்ததில்லை.

"முதல் சுற்று நான் நீந்தினேன்," என்றேன். "இரண்டாவது சுற்றை எதிர்முனையிலிருந்து ஒருத்தி வெட்டிக்கொண்டு வந்தாள்."