ஞானத்தாய்க்கு ஒரு ஞானத்தாய்

வெள்ளைப்பாறை எஸ்டேட்டின் பிள்ளைக்காம்பராவில் இருபத்தாறு வருடமாக ஆயாவாக இருப்பவர் ஈவ்லின். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலை ஏழரைக்குக் குழந்தைகளை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வரை அழுகை, பால், தூக்கம் எல்லாம் அவர் பொறுப்பு. லைன் வீடுகளில் இன்று மீசை முறுக்கித் திரிகிறவர்களில் பாதிப் பேர் அவர் ஆட்டிய தொட்டிலில் தூங்கியவர்கள்தான். ஆனால் கோயிலில் ஞானஸ்நானத்தின்போது ஒரு குழந்தையைக்கூட அவர் ஏந்தியதில்லை. ஞானத்தாயாக நிற்கும்படி யாரும் அவரைக் கேட்டதில்லை. அவருக்கும் கணவர் செல்லதுரைக்கும் பிள்ளை இல்லை. அதுதான் காரணம் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

முதன்முதலாகக் கேட்டவள் ஜெபிஷா. நான்கு வயதுவரை ஈவ்லினின் இடுப்பில் வளர்ந்தவள். இப்போது பக்கத்து வெலிங்டனில் கணவன் பிராங்ளின் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு இரண்டு மாதப் பெண் குழந்தை.

வெலிங்டன் குடும்பங்களும் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளும் சேர்ந்ததுதான் எங்கள் கோயிலின் பங்கு. நான் அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். ஜூன் தொடக்கத்தில் ஜெபிஷா வீட்டாரும் ஈவ்லினும் ஞானஸ்நானத்துக்குத் தேதி கேட்டு வந்தபோது, நானும் பங்கு அலுவலகத்தில் மாணவர் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். ஞானத்தாய் ஈவ்லின் என்றதும் பங்குத்தந்தை பழைய பதிவேடுகளைப் புரட்டினார். ஈவ்லினின் ஞானஸ்நானம் இருந்தது, புதுநன்மை இருந்தது, கலியாணம் இருந்தது. மறைமாவட்டத் தலைவரான ஆயர் வந்து நெற்றியில் தைலம் பூசும் உறுதிபூசுதல் மட்டும் இல்லை.

"அந்த வருசம் ஆயர் வந்தப்ப எனக்கு அம்மை போட்டிருந்துச்சுங்க சாமி. அப்புறம் அப்படியே உட்டுப்போச்சு. கலியாணத்தப்பக்கூட யாரும் கேக்கலீங்க."

"அது இல்லாம ஞானத்தாயா நிக்க முடியாதும்மா. சபைச் சட்டம்."

பிராங்ளினின் தாய் லோயிஸ் அதற்காகவே காத்திருந்தவர்போல முன்னால் வந்தார். "அதுக்கென்னங்க சாமி, எம் பொண்ணு கோயமுத்தூர்ல இருந்து வந்து நிப்பா. அவகிட்ட எல்லாச் சர்டிபிகேட்டும் இருக்குது. ஈவ்லின் பக்கத்துல நிக்கட்டும், போட்டோவுல வரட்டும்."

"போட்டோவுக்கு நான் எதுக்குங்க?" என்றார் ஈவ்லின். பிறகு சாமியார் பக்கம் திரும்பினார். "ஆயர் அடுத்து எப்பங்க வர்றாரு?"

"ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. ஆனா பத்து வாரம் வகுப்பு இருக்குது. எட்டாவது, ஒம்பதாவது பிள்ளைங்ககூட உக்காரணும். மூணு வாரம் வரலீன்னா பேரை எடுத்துருவோம்."

"உக்கார்றனுங்க."

"அதுவரைக்கும் பச்சப்புள்ளைய ஞானஸ்நானம் குடுக்காம வெச்சிருக்கறதா?" என்றார் லோயிஸ்.

"வெச்சிருக்கலாமுங்க அத்தை" என்றாள் ஜெபிஷா. மாமியாரை அவள் எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. லோயிஸ் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"செப்டம்பர் மொத ஞாயிறு. அதுக்கு மேல ஒரு நாளும் தள்ள மாட்டேன். அன்னிக்கு ஈவ்லின்கிட்டச் சர்டிபிகேட் இல்லீன்னா எம் பொண்ணுதான்."

வகுப்பில் இருபத்தோரு பேர். எல்லாரும் இங்கிலீஷ் மீடியம், புத்தகமும் இங்கிலீஷ். ஈவ்லின் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். நான் பாடங்களைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். படிக்க நேரமாகிறது என்றார். அதனால் கேள்வி பதில்களைப் பேசிப் பதிந்து போனில் அனுப்பினேன். மதியம் குழந்தைகள் தூங்கும்போது, ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு அவர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஃபாக்டரி பாய்லரில் வேலை பார்க்கும் செல்லதுரைக்கு ஒரே கொண்டாட்டம்.

"அம்பத்திரண்டு வயசுல பள்ளிக்கூடமா? டிபன் பாக்ஸ் கட்டித் தரட்டுமா?"

"கட்டிக் குடுங்க. முட்டை வைங்க."

அடுத்த ஞாயிறு உண்மையாகவே டிபன் பாக்ஸும் முட்டையும் வந்தன.

காம்பராக் குழந்தை ஒன்றுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனதில் ஒரு வகுப்பு போயிற்று. அவருக்கே காய்ச்சல் வந்ததில் இன்னொன்று. ஜூலை கடைசி ஞாயிறு விடிவதற்குள் எஸ்டேட் ரோட்டில் இரண்டு கற்பூர மரங்கள் சாய்ந்து, ஜீப் ஓடவில்லை. நான் வருகைப் பதிவை எடுத்து, அவர் பெயருக்கு நேராகப் பேனாவை வைத்துவிட்டு, எழுதாமல் இருந்தேன். இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஐந்து கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. கணுக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"பேரு இருக்குதுங்களா டீச்சர்?"

"இருக்கு. உக்காருங்க."

எட்டாவது வாரம், ஒவ்வொருவரும் தங்கள் ஞானத்தாய் அல்லது ஞானத்தகப்பன் பெயரைக் கொடுக்க வேண்டும் என்று அறிவித்தேன். உறுதிபூசுதலின்போது பின்னால் நின்று தோளில் கை வைப்பவர் அவர்.

"எனக்குமா?" என்றார் ஈவ்லின்.

"உங்களுக்கும்தான்."

ஜெபிஷாவின் பெயரைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அடுத்த வாரம் சொல்றனுங்க" என்று போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை அவர் வெலிங்டன் போனதை ஜெபிஷா பிறகு என்னிடம் சொன்னாள். லோயிஸ் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாராம்.

"வா ஈவ்லின். படிப்பெல்லாம் எப்படி? பெயிலா, பாஸா?"

"பாஸாகறதுக்கு ஒரு ஞானத்தாய் வேணுமுங்க. நீங்கதான் நிக்கணும்."

"நானா? ஜெபிஷா இருக்கறாளே."

"அவளுக்கு மூக்குத் தொடச்சு உட்டவ நான். அவ என் தோள்ல கை வெச்சா எனக்குச் சிரிப்பு வந்துரும்."

"வேண்டாம்னு நின்னவளையே வந்து கூப்படறயே, உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்!"

"நீங்க கை வெச்சுட்டா அப்புறம் யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்கல்லங்க."

லோயிஸ் கையிலிருந்த துணியை உதறாமலே கொடியில் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தப்பா நெனைக்காத ஈவ்லின். புள்ளை பெத்தவங்க தூக்கினாத்தான் நல்லதுன்னு பெரியவங்க சொல்லி வெச்சிருக்காங்க. எனக்கு ஒரே பேத்தி. பயமா இருக்குது."

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஜெபிஷா நின்று கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

"இருபத்தாறு வருசத்துல நானூறு புள்ளைங்களாவது என் கையில இருந்துருக்குமுங்க. பாதிக்கு மொதப் பல்லு மொளச்சத நான்தான் பாத்தேன். உங்க மருமகளும் அதுல ஒருத்தி. அவளுக்கு என்ன கொறைங்க?"

லோயிஸ் கடைசித் துணிக்குக் கிளிப் மாட்டினார். உள்ளே போகும்போதுதான் பேசினார்.

"என்ன கலர் சேலை கட்டற? ரெண்டு பேரும் ஒரே கலர்ல வந்து நின்னறக் கூடாது."

வாய்மொழித் தேர்வில் தூய ஆவியின் ஏழு கொடைகளில் ஈவ்லின் ஒன்றை மறந்துவிட்டார். ஆறு போதும் என்று பங்குத்தந்தை விட்டுவிட்டார். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, பிள்ளைகளின் வரிசையில் கடைசி ஆளாக, எல்லாரையும்விட ஒரு சாண் உயரமாக ஈவ்லின் நின்றார். லோயிஸின் கை அவர் தோளில் இருந்தது. ஆயர் நெற்றியில் தைலம் பூசி முடித்த பிறகும் லோயிஸ் கையை எடுக்கவில்லை. அடுத்து யாரும் இல்லாததால் அவசரமும் இல்லை.

செப்டம்பர் முதல் ஞாயிறு, பூசை முடிந்து ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாகப் பிராங்ளினின் அண்ணன் நின்றார். ஈவ்லின் குழந்தையை ஏந்தியிருந்தார். தலையில் தண்ணீர் விழுந்ததும் அது கோயில் அதிர அலறியது. அந்தக் குளிரில் யாராக இருந்தாலும் அலறத்தான் செய்வார்கள். லோயிஸின் இரண்டு கைகளும் தாமாகவே நீண்டன.

"குடு, குடு, இங்க குடு."

"இருங்க" என்றார் ஈவ்லின், குழந்தையை இன்னும் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு. "அழுவட்டும். இன்னிக்கு என் மொறை."

லோயிஸ் கைகளை மடக்கிக்கொண்டார். குழந்தை அழுது முடித்து, விக்கி, ஈவ்லினின் சேலை ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

பிறகு அலுவலகத்தில் பதிவேட்டை அவர் முன் திருப்பி வைத்தேன். குழந்தையை அப்போதுதான் லோயிஸிடம் கொடுத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஞானத்தாய் என்ற இடத்தில் ஒவ்வொரு எழுத்தாக எழுதத் தொடங்கினார். பேனா பாதியில் எழுதாமல் நின்றது. லோயிஸ் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அழுத்தி எழுது ஈவ்லின். நாளைக்கு இவ கலியாணத்துக்கு இதைத்தான் புரட்டிப் பாப்பாங்க."