கயிறு பிடிப்பவரின் பெயர்

எருக்கலம்பிட்டிச் சரிபுதீன் பதினாறு வயதிலிருந்து முத்துக்குளித்தவர். கடலின் அடியிலிருந்து அவர் கயிற்றை அசைத்ததும் மேலே தூக்குபவர் மனைவி றம்லாவின் அண்ணன் அப்துல் ஹமீட். குளிப்பவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்கவேண்டும் என்பது அங்கே வழக்கம். தங்கை தாலியிழப்பதை எந்த அண்ணன் விரும்புவான்?

றம்லா போன ஆண்டு காய்ச்சலில் மௌத்தாகிவிட்டாள். ஏழு வயது மகள் நசீறாதான் மிச்சம். அதனால் 1904ஆம் ஆண்டு முத்துச் சலாபம் என்னும் குளிப்புப் பருவம் தொடங்குமுன், சரிபுதீன் பத்திரம் எழுதும் நொத்தாரிசு கனகரத்தினத்திடம் மரணசாதனம் என்னும் உயிலை எழுதப் போனார். அதை நிறைவேற்றவும், பிள்ளை ஆளாகும்வரை வீட்டையும் பனங்காணியையும் பார்க்கவும் யாரை நியமிப்பது என்று நொத்தாரிசு கேட்டார். சரிபுதீனின் சொந்தத் தம்பி தன் காணியையே விற்றுத் தின்றவன். சரிபுதீன் யோசிக்காமல் ஹமீட்டின் பெயரைச் சொன்னார்.

சாட்சிக் கையொப்பம் வைத்த நுஃமானும் அதே வள்ளத்தில் குளிப்பவன்; சரிபுதீனை அண்ணன் முறையில் காக்கா என்பான். திரும்பும் வழியில் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"காக்கா, உங்கட உசிரும் அவரிட்ட, வீடும் அவரிட்ட. தடுக்கிறதுக்குத் தங்கச்சியும் இல்லை."

பகிடிதான். ஆனால் முதல் நாள் ஆழத்துக்கு இழுக்கும் கல்லோடு கீழே இறங்கியபோது அந்தப் பகிடியும் கூடவே இறங்கியது. சிப்பியில் கைகூட வைக்கவில்லை. கயிற்றை அசைத்தார். தூக்கச் சற்றுப் பிந்தியதா, தனக்குத்தான் அப்படித் தோன்றியதா? அடுத்த தடவை பாதி மூச்சிலேயே அசைத்தார். அதற்கடுத்த தடவை அதற்கும் முன்னால். மூன்று முறையும் கூடை வெறுமையாக வந்தது.

ஹமீட் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினார்.

"நீ இப்பிடி அசைக்கிற ஆளில்லை. நீ என்ன நினைக்கிறாயெண்டு என்ர கைக்கு விளங்குது. எனக்கும் பயம்தான். உனக்கு ஏதும் நடந்தா ஊர் என்னைத்தான் சொல்லும். வீடோ கயிறோ, ஒண்டை என்னட்டயிருந்து எடு."

கரை சேரும்வரை சரிபுதீன் நசீறாவை நினைத்தார். அவளைத் தம்பியின் வாசலில் வைத்துப் பார்க்க மனம் வரவில்லை.

"வீடு உங்களிட்டயே இருக்கட்டும், மச்சான்," என்றார்.

மறுநாள் அவருடைய கயிற்றைப் பிடிக்க, கடலுக்கு அக்கரையிலிருந்து வந்த, முன்பின் தெரியாத ஒருவன் அமர்ந்தான். எத்தனை தரம் கயிறு பிடித்திருக்கிறாய் என்று சரிபுதீன் கேட்டார். இதுதான் முதல் தரம் என்றான் அவன். சரிபுதீன் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.