இருபது மீன் தொட்டியில அறுபது

எடினெல்சா பதினோரு வருஷம் எங்க மீனவர் சங்கத்து மீன் கொட்டகையில வேலை பார்த்தா. ரியோ நீக்ரோ ஆத்துல பிடிக்கிற டிஸ்கஸ்ங்கற அலங்கார மீன், விலைக்குப் போக மனாவுஸ் நகரத்துப் படகு ஏறுற வரைக்கும் அவ தொட்டியிலதான் கிடக்கும். படிப்பு மூணாங்கிளாஸ். மீன் செத்துச்சுன்னு எவனும் அவமேல குறை சொன்னதில்ல.

ஒரு டிஸ்கஸுக்கு நாப்பது லிட்டர், அதான் அவ கணக்கு. வடிகட்டியும் அவளே செஞ்சது, நீல டிரம்முல மணலும் ஸ்பாஞ்சும். அந்த ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணியில எவனாவது அலசினா விளக்குமாத்தைத் தூக்கிருவா.

"அதுல இருக்கிறது அழுக்கைத் திங்கிற கிருமிடா. அதைக் கொன்னுட்டு எதை வெச்சு வடிகட்டுவ? உன் சட்டையையா?"

திருவிழாவுல வந்தது வினை. எங்க ஊர்ல பாதிப் பேர் டிஸ்கஸ் கட்சி, மீதி கார்டினல்ங்கற பொடி மீன் கட்சி. ஆட்டம் பாட்டம் எல்லாம் போட்டி. திடல்ல கட்சிக்கொரு கண்ணாடித் தொட்டியும் வைக்கணும். கார்டினல்காரனுங்க ஆயிரம் மீன் விடப்போறதா சேதி வந்துச்சு. சங்கம் டிஸ்கஸ் கட்சி, எங்க தொட்டி எண்ணூறு லிட்டர். இருபது மீன்தான்னு சொல்லிட்டா எடினெல்சா.

சங்கத் தலைவர் ஒஸ்மாரினோ கூட்டத்துல எகிறினார். "இருபதா? காறித் துப்புவானுங்க. அறுபது விடு."

"தலைவரே, உங்க வீட்டுல இருக்கிறது ஒரு கக்கூஸு. அறுபது பேரை விருந்துக்குக் கூப்பிடுவீங்களா?"

கூட்டம் சிரிச்சது. சிரிச்ச கூட்டமே அறுபதுக்குக் கையும் தூக்குச்சு. நான் செயலாளர். மொதக் கை என்னுது. நோட்டீஸ்ல போட அறுபதுதான் எடுப்பா இருந்துச்சு.

"முடியலைன்னா சொல்லு, வேற ஆள் பார்த்துக்கறோம்"னார் தலைவர். அந்த வேலையை விட்டா அவளுக்கு வேற கதி இல்ல. ஒத்துக்கிட்டா.

"ஆனா ஆத்துத் தண்ணியிலதான் விடுவேன். விழா முடியற வரைக்கும் எவனும் தண்ணியில கை வெக்கக்கூடாது."

காரணத்தையும் எங்கிட்ட சொன்னா. எங்க ஆத்துத் தண்ணி கறுப்பு, புளிப்பு. மீன் கழிவு அந்தப் புளிப்புல விஷமேறாம அடங்கிக் கிடக்கும். ஊர்க் குழாயில வர்றது சுண்ணாம்பு போட்டுத் தெளிய வெச்ச தண்ணி. அதை ஊத்தினா புளிப்பு செத்துரும், அடங்கிக் கிடந்தது மொத்தமும் விஷமாயிரும்.

ரெண்டு நாள் தீனி போடல. நாலு வடிகட்டி டிரம் ஓடவிட்டா. தொட்டிகிட்டயே படுத்தா. அறுபதும் உசுரோட நின்னுச்சு.

விழா அன்னிக்கு மத்தியானம் குளிச்சிட்டு வரேன்னு வீட்டுக்குப் போனா. அந்த நேரம் பார்த்து கார்டினல்காரன் ஒருத்தன் கத்தினான்: "டேய், தொட்டியில வெச்சிருக்கிறது மீனா, காப்பியா?"

திடலே சிரிச்சது. ஒஸ்மாரினோ மூஞ்சி சிவந்துபோச்சு. அள்ளிக் கொட்டிட்டு குழாயைப் போடுன்னார். பாதித் தொட்டியை மாத்துனாங்க. நான் பக்கத்துல நின்னேன். தெரிஞ்சுதான் நின்னேன். வாயைத் திறக்கல.

தண்ணி பளிச்சுன்னு ஆச்சு, எல்லாரும் கை தட்டினாங்க. கொஞ்ச நேரத்துல மீனெல்லாம் கறுத்து, மேல வந்து வாயைப் பொளந்துச்சு. ஒவ்வொண்ணா சாஞ்சுது. எடினெல்சா ஈரத்தலையோட ஓடி வந்தா. தண்ணியில விரலை விட்டு மோந்து பார்த்தா.

"எவன்டா ஊத்தினது?"



அடுத்த வாரம் விசாரணை. "சங்கத்துப் பேரு நாறிடும், தோழர். பார்த்து எழுதுங்க"ன்னார் ஒஸ்மாரினோ. எழுதினேன்: அளவுக்கு மீறி மீன் அடைத்ததும் வடிகட்டி போதாததுமே காரணம், பொறுப்பு தொட்டிப் பராமரிப்பாளருடையது.

எடினெல்சா எழுத்துக் கூட்டிப் படிச்சா.

"தண்ணி ஊத்தினது இதுல எங்க இருக்கு, தோழரே? அறுபதுக்குக் கை தூக்கினது எங்க இருக்கு?"

"சங்கம் நிக்கணும், எடினெல்சா."

"நானும் சங்கம்தானே?"

கொட்டகைச் சாவியை மேசையில வெச்சிட்டுப் போனா.

இப்ப சந்தையில மீன் கழுவிக் குடுக்கறா. அவளுக்குப் பதிலா வந்தவன் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணியிலதான் அலசுறான். தொட்டிக்கு நாலு, அஞ்சுன்னு சாகுது, அதை யாரும் விசாரிக்கறதில்ல. சந்தையில என் முறை வரும்போது மட்டும் எடினெல்சா தலையைத் தூக்க மாட்டா. முன்னெல்லாம் தோழரேம்பா. இப்ப, "அடுத்த ஆளு."