அம்மா பிடித்த கியர்

பேரன் வண்டியில் கியர் எண்ணெய் வாடை வந்தாலே, காலடிப்பேட்டையில் இப்போது இல்லாத தகரக் கொட்டகையும், அதில் நின்ற, நைனா ஓட்டிய பஸ்ஸும் கண்முன் வந்துவிடும். பாலத்து மேட்டில் கியர் தானாக நழுவி பஸ் பின்னால் உருளும். இன்னொரு தடவை உருண்டால் நைனாவுக்கு வேலையில்லை என்று முதலாளி சொல்லியிருந்தார். அதனால் மீன்கூடையோடு ஏறும் அம்மாதான், நைனா பக்கத்தில் உட்கார்ந்து கியர்க் கம்பியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருப்பாள்.

ஒருநாள் நைனா கியர்ப் பெட்டியைத் திறந்தார். கறுத்த எண்ணெயில் மினுங்கிய பற்சக்கரங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். கம்பியை நகராமல் நிறுத்தும் சின்ன ஸ்பிரிங் உடைந்திருந்தது; புதிதாகப் போட்டார்.

மறுபடி மேடு வந்தது.

"கைய வுடுமே, நிக்கும்."

"உருண்டா நீயா புடிப்ப?"

கண்ணை மூடிக்கொண்டு கம்பியை விட்டாள். பஸ் உச்சிக்கு ஏறிவிட்டது; அம்மாவின் விரல்கள் மட்டும் காற்றை இறுக்கிப் பிடித்திருந்தன.