உறைமேல் எழுதிய தேதி

டோரின் யூரிக் இருபத்திரண்டு வருடங்களாக முன்பின் தெரியாதவர்களைத் தொலைபேசியில் அழைத்து, நாடு சரியான பாதையில் போகிறதா, தவறான பாதையில் போகிறதா என்று கேட்டு வருகிறார். கருத்துக்கணிப்பு நிறுவனம் ஒன்றில் வேலை. எண்பது பேரை அழைத்தால் ஒருவர் முழுதாகப் பதில் சொல்வார். மற்றவர்கள் பட்டென்று வைத்துவிடுவார்கள், அல்லது திட்டிவிட்டு வைப்பார்கள். பதில் எதுவானாலும் கேட்பவரின் குரலில் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் விதி. ஒருவர் அதிபரைத் தூக்கில் போடச் சொன்னாலும் டோரின், "நன்றி, அடுத்த கேள்விக்குப் போகலாமா?" என்பார்.

வீட்டிலும் அப்படித்தான். யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்பது கணவருக்கே தெரியாது.

"முப்பத்திநாலு வருஷமா ஒரே கட்டில்ல படுக்கறோம். ஒரு தடவையாவது சொல்லேன்" என்பார் எம்மெட்.

"பதில் சொல்ல மறுத்தார்னு குறிச்சுக்கோ."

எம்மெட் நேர்மாறு. எஃகு ஆலையின் கரி உலையில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். ஆலை மூடும்வரை டெமாக்ரட். மூடிய கோபத்தில் ரிபப்ளிகன். நுரையீரல் கெட்டு, சிகிச்சைக்கு அலைந்த பிறகு மறுபடி டெமாக்ரட். இப்போது இரண்டு பேரையும் திட்டுவார். ஆனால் பதினெட்டு வயதிலிருந்து ஒரு தேர்தலையும் விட்டதில்லை. பள்ளிக் குழு, நீதிபதி, பிண விசாரணை அதிகாரி என்று எங்கள் மாவட்டத்தில் எதற்கெல்லாம் தேர்தல் உண்டோ அத்தனைக்கும் போவார். "பிண விசாரணை அதிகாரிக்குக் கண்டிப்பா போடணும். நமக்கு வேலை செய்யப்போற ஆளு" என்று முடிதிருத்தும் கடையில் சொல்லிச் சிரித்ததை நானே கேட்டிருக்கிறேன்.

இந்த அக்டோபரில் மருத்துவர் டோரினைத் தனியாக அழைத்து ஆறு வாரம் என்றார். சளி பிடித்தால் அதுவும் இல்லை என்றார்.

அதனால் எம்மெட்டுக்குத் தபால் ஓட்டு. கூடத்தில் போட்டிருந்த கட்டிலில் சாய்ந்துகொண்டு, மனைவி பார்த்துவிடாமல் இடது கையால் மறைத்து, தேர்வில் எழுதும் பையன்போல வட்டங்களை நிரப்பினார். சீட்டை உள் உறையில் போட்டு ஒட்டினார். அதை வெளி உறையில் போட்டு, மேலே கையெழுத்திட்டார். அதோடு கை ஓய்ந்துவிட்டது.

"பக்கத்துல இன்னிக்குத் தேதிய நீயே போட்டுடு."

டோரின் பேனாவை வாங்கினார். இருபத்திரண்டு வருடங்களாக ஒவ்வொரு அழைப்பிலும் அவர் முதலில் பெயரைச் சரிபார்ப்பார். அடுத்ததாக, வாக்காளர் பட்டியலில் உள்ள ஆள்தானா என்று பார்க்கப் பிறந்த தேதியைக் கேட்டு எழுதுவார். பெயர், பிறந்த தேதி. கை தானாகப் போனது. எம்மெட்டின் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய பிறந்த தேதியைத் தெளிவாக, அழகாக எழுதினார். காரில் போய்த் தேர்தல் அலுவலகத் தபால் ஓட்டுப் பெட்டியிலும் தன் கையாலேயே போட்டுவிட்டு வந்தார்.

தேர்தலுக்கு முந்தைய நாள், திங்கள்கிழமை மாலை மூன்று மணிக்குத் தேர்தல் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. தேதி தவறு, உறையை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பத்திரிகைச் செய்திக்காக நான் அந்த நேரம் அந்த அலுவலகத்தில் நின்றிருந்தேன். டோரின் கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் வந்து சேர்ந்தார். கவுன்டரில் கார்லா டிமாஸ் இருந்தார்.

"கார்லா, ஒரு பேனா குடு. அடிச்சிட்டுச் சரியா எழுதிடறேன்."

"வந்து சேந்த உறைய நீங்க தொட்டா என் வேலை போயிடும் டோரின்."

"தேதி நான் போட்டது. தப்பு என்னோடது. என் ஓட்டத் தள்ளிடு, அவனோடத எண்ணு."

"கடையில சட்டை மாத்தற மாதிரியா இது?"

"பின்ன என்னதான் வழி?"

"அவரே நேர்ல வரணும். நாளைக்கு ராத்திரி எட்டு மணிக்குள்ள, உங்க வாக்குச்சாவடிக்கு. இதுக்குப் பதிலா தற்காலிக ஓட்டுச்சீட்டு தருவாங்க."

"கட்டில்லேருந்து பாத்ரூம் வரைக்கும் வர முடியல அவனால. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்ற?"

கார்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வாகன நிறுத்தத்தில் டோரின் இருபது நிமிடம் காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். சொன்னால் எம்மெட் கிளம்பிவிடுவார். அந்தக் குளிர் அவரைக் கொன்றுவிடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, ஓட்டு எண்ணப்பட்டதாக நினைத்துக்கொண்டே போய்ச் சேருவார். சொல்வதில்லை என்று முடிவு செய்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். அன்று இரவும் மறுநாள் பகலும் அந்த முடிவில் நின்றார்.

செவ்வாய் மாலை ஆறு மணி. தொலைக்காட்சியில் ஊர் ஊராக வரிசைகளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னோடது போய்ச் சேந்துச்சா?" என்றார் எம்மெட்.

"பெறப்பட்டிருக்கு."

எம்மெட் தொலைக்காட்சியை அணைத்தார். "பெறப்பட்டிருக்கா? அது உன் போன் குரல் ஆச்சே. என்ன நடந்துச்சு, சொல்லு."

சொன்னார்.

"என் பொறந்த நாளா?"

"ஆமா."

"கல்யாணமானதுலேருந்து நீ அத ஞாபகம் வெச்சது இந்த ஒரு தடவதான்." சிரிப்பு இருமலாக மாறி அடங்க வெகுநேரம் ஆனது. "சரி, கோட்ட எடு."

"வேண்டாம் எம்மெட். கெஞ்சிக் கேக்கறேன். டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா?"

"உன்கிட்ட சொன்னது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? கோட்ட எடு."

தூக்குவதற்குப் பக்கத்து வீட்டு ரஸ் பெல்லமி வந்தார். அவர் வீட்டுப் புல்வெளியில், எம்மெட் இப்போது ஓட்டுப் போடாத கட்சியின் பலகை நட்டிருந்தது.

"யாருக்குப் போடப்போறேன்னு தெரிஞ்சுமா தூக்கற?" என்றார் எம்மெட்.

"ஒரு வான்கோழி எடைகூட இல்ல, இதுல பேச்சப் பாரு. தலையக் குனி, கதவு இடிக்கும்."

எங்கள் வட்டாரத்துக்கு வாக்குச்சாவடி தீயணைப்பு நிலையக் கூடம். ஒரு பக்கம் மாதா கோவில் பெண்கள் பியரோகி என்னும் போலந்துக் கொழுக்கட்டை விற்றுக்கொண்டிருந்தார்கள். வெண்ணெயில் வதங்கும் வெங்காய வாசனை தெருவரைக்கும் வந்தது. அவர்கள் வந்தபோது மணி ஏழு நாற்பது. வாசலுக்கு வெளியேயும் வரிசை நின்றது. சக்கர நாற்காலியையும் ஆக்சிஜன் உருளையையும் பார்த்ததும் வரிசை ஒதுங்கி வழிவிட்டது.

சாவடி அதிகாரி ஐயோனா க்ராட்ஸ் தற்காலிகச் சீட்டுக்கான உறையை எடுத்துவந்தார். அதில் இரண்டு இடத்தில் கையெழுத்து வேண்டும். சீட்டு வாங்கும்போது ஒன்று, போட்டு ஒட்டிய பிறகு ஒன்று. முதலாவதை எம்மெட் போட்டார். கோணலாக, பல்லைக் கடித்துக்கொண்டு.

"உதவிக்கு உங்க மனைவி பக்கத்துல நிக்கலாம். ஒரு படிவம் எழுதணும்" என்றார் ஐயோனா.

"அவ எழுதினதே போதும்" என்றார் எம்மெட். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டோரினும் சிரித்தார். பிறகு விதிப்படி தள்ளிப்போய்ச் சுவரோரம் நின்றார்.

மறைப்புக்குப் பின்னால் எம்மெட்டுக்கு ஒன்பது நிமிடம் பிடித்தது. பேனா ஒருமுறை கீழே விழுந்தது, ரஸ் எடுத்துக் கொடுத்தார். ஏழு ஐம்பத்தாறுக்கு உறையை ஒட்டி மடியில் வைத்துக்கொண்டபோது உருளை 'பீப்' என்று கத்தத் தொடங்கியது. காற்று தீர்ந்துவிட்டது. எம்மெட்டின் உதடுகள் நீலமாயின. டோரின் ஓடினார். ரஸ் காருக்குப் போய் மாற்று உருளையோடு வந்தார். ஐயோனா ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மடியிலிருந்த உறையை எடுத்து முத்திரைப் பையில் போட்டார். ரசீதைக் கிழித்து எம்மெட்டின் சட்டைப்பையில் செருகினார்.

"முடிஞ்சுது எம்மெட், போட்டாச்சு. மூச்ச இழுங்க."

பியரோகி விற்ற பெண்கள் கை தட்டினார்கள். செய்திக்காக வந்திருந்த நானும்தான். இரண்டாவது கையெழுத்தை எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை.

புதன் விடியலில் காய்ச்சல். ஆம்புலன்ஸ் வந்தது. நிமோனியா என்றார்கள்.

வெள்ளிக்கிழமை தேர்தல் வாரியம் கூடியது. இரண்டாவது கையெழுத்து இல்லாத தற்காலிகச் சீட்டுகள் பதினொன்று. வாரியத்தின் மூன்று உறுப்பினர்கள் அதற்கு ஒதுக்கியது ஐந்து நிமிடம். டோரின் எழுந்து நின்றார்.

"ஏழாம் எண் என் கணவர். அங்க வந்தார். கூடம் முழுக்கப் பாத்தாங்க. உங்க அதிகாரியே பாத்தாங்க."

"அவர் வந்ததுல எங்களுக்குச் சந்தேகமே இல்லைங்க" என்றார் தலைவர். "சட்டம் ரெண்டு கையெழுத்து கேக்குது."

"மூச்சு நின்னு போச்சுங்க அவருக்கு!"

"புரியுதும்மா."

"புரியல. உங்களுக்குப் புரியல." டோரினின் குரல் உடைந்தது. "பதினெட்டு வயசுலேருந்து ஒண்ணுகூட விடல அந்த மனுஷன். முதல் தடவ தபால் ஓட்டு போட்டார், அத நான் கெடுத்தேன். ரெண்டாவது தடவ உயிரப் பணயம் வெச்சு வந்தார், அத நீங்க கெடுக்கறீங்க. ஆஸ்பத்திரியிலேருந்து கையெழுத்து வாங்கிட்டு வரேன். ஒரு மணி நேரம் குடுங்க. அரை மணி நேரம்."

இரண்டுக்கு ஒன்று என்று தள்ளுபடி செய்தார்கள். எங்கள் மாவட்டத்தில் அந்த வருடம் எந்தப் போட்டியும் நானூறு ஓட்டுக்குக் குறைவான வித்தியாசத்தில் முடியவில்லை. அந்தப் பதினொன்றும் எதையும் மாற்றியிருக்காது. டோரினிடம் இதைச் சொல்லித் தேற்றலாம் என்று நினைத்து நடைவழியில் கிட்டப் போனேன். முகத்தைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டேன்.

மருத்துவமனையில் எம்மெட் முகமூடியை விலக்கிக்கொண்டு கேட்டாராம்: "எண்ணிட்டாங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"கீழ இன்னொரு கையெழுத்து போடணும். போடல."

எம்மெட் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று டோரின் நினைத்தபோது பேச்சு வந்தது. "மே மாசம் கட்சி வேட்பாளரத் தேர்ந்தெடுக்கற தேர்தல் இருக்குல்ல? தபால் ஓட்டுக்கு இப்பவே எழுதிப் போட்டுடு. கடைசி நேரத்துல அலைய வேண்டாம்."

"சரி" என்றார் டோரின்.

திங்கள்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் அவர்தான் முதல் ஆள்.

"மே மாசத்துக்கா?" என்றார் கார்லா. "அதுக்குப் படிவம் ஜனவரியிலதான் டோரின்."

"ஒண்ணு இப்பவே குடு. அவன் கையெழுத்து போட்டு வெச்சிடட்டும். நான் பத்திரமா வெச்சிருந்து ஜனவரியில தரேன்."

"இன்னும் அச்சே அடிக்கல."

"இந்த வருஷத்துப் படிவம் இருக்குமே?"

"அது செல்லாதும்மா."

பின்னால், அதே கவுன்டரில் நாய் வளர்க்கும் உரிமம் புதுப்பிக்க வந்தவர் தொண்டையைச் செருமினார். கார்லா எட்டிப் பார்த்து, ஒரு நிமிடம் என்று கை காட்டினார்.

"ஜனவரியில எந்தத் தேதி?" என்றார் டோரின்.

"ரெண்டாம் தேதி திறப்போம்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல டோரின்."

டோரின் தலையை ஆட்டினார். கைப்பையை மூடினார். ஆனால் கவுன்டரைவிட்டு நகரவில்லை. அடுத்தவர் பக்கவாட்டில் கையை நீட்டித் தன் படிவத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது.